வழி விடும் பண்பு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு ஒன்றுகூடலில், இயற்பியல் துறை 1974–77 அணியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "அண்ணா, நீங்க ஒரு அரை மணி நேரம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். நான் "சைக்கிள் ஓட்டுகிறவர்களும் மற்றவர்களும்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அண்ணா, கல்வி, வேலைவாய்ப்பு, அந்த மாதிரி ஏதாச்சும்..." என்று இழுத்தார். நான் விடவில்லை. வேலைவாய்ப்பைப் பற்றிப் பேச இங்கே பெரிய பெரிய கம்பெனிகளிலிருந்து நண்பர்கள் வந்திருக்கிறார்கள். முப்பது வருஷம் ரோடு போட்டுப் பிழைத்தவன் நான். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் பேச முடியும்?

இந்தத் தலைப்பை எடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் படித்த காலத்தில் இந்தக் கோயம்புத்தூர் ஒரு சைக்கிள் ஊர். 1888-ல் முதல் பஞ்சாலை வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்லுக்கு மேல் மில்லாகப் பெருகியது. நாங்கள் மாணவர்களாக இருந்தபோது காலையில் மில் சங்கு ஊதினால் போதும், ரோடு முழுக்க சைக்கிள்தான். கேரியரில் தூக்குப்போசி, ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சப்பை, காலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர் போவார்கள். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் எதிரே வருவார்கள். நடுவே நாங்களும் புத்தகத்தைக் கேரியரில் கவ்வவைத்துக்கொண்டு வருவோம். மணிக்கணக்கு வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய கூட்டம்தான் எல்லாம்.

அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் சட்டம் இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு இது கதை மாதிரி இருக்கும். உள்ளாட்சி மன்றத்துக்கு வரி கட்டி ஒரு வில்லை வாங்கி சைக்கிளில் மாட்டவேண்டும். ராத்திரியில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் பிடிப்பார். டபுள்ஸ் போனால் இறக்கிவிட்டு டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். டைனமோ வாங்க வசதி இல்லாதவர்கள் டார்ச் லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவார்கள்.

இப்போது நம் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரு பாட்டு பாடுவோம்: "அந்தக் காலத்துல மனுஷனுக்கு மனுஷன் மரியாதை இருந்துச்சுங்க, இப்பப் பாருங்க..." என்று. நண்பர்களே, எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அப்போதும் சண்டை இருந்தது. சைக்கிள் மோதி மட்கார்டு நசுங்கினால் ஒரு மணி நேரம் பஞ்சாயத்து நடக்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அன்று ரோட்டில் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போனார்கள். மோதினாலும் முழங்கை சிராய்ப்போடு போய்விடும். சண்டை போடவும் இரண்டு பேரும் உயிரோடு இருப்பார்கள். மனுஷன் கெட்டுப்போய்விட்டான் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே ரோட்டில் நாலு விதமான வேகம் கலந்துவிட்டது. மரியாதையின் அவசியம் அதனால் கூடிவிட்டது. அவ்வளவுதான்.

இயற்பியல் மாணவன் என்பதால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பயப்படவேண்டாம். நடக்கிறவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போகிறார். அதாவது ஒரு விநாடிக்கு 1.4 மீட்டர். சைக்கிளில் 20 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஐந்தரை மீட்டர். காரில் 60 என்றால் விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல். ஆபத்தைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்குக்குப் போக ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடியில் சைக்கிள் ஐந்தரை மீட்டரும், கார் பதினாறு மீட்டரும் பிரேக்கே பிடிக்காமல் போய்விடுகின்றன.

இன்னொன்று. வேகம் இரண்டு மடங்கானால் மோதுகிற சக்தி நாலு மடங்கு. இதைப் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கி மறந்துவிட்டோம். 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரு சுவரில் மோதுவது, சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். 40 என்றால் ஆறு மீட்டருக்கு மேல். 60 என்றால் 14 மீட்டர், அதாவது நாலு மாடி. நாலு மாடிக் கட்டடத்தின் கைப்பிடிச் சுவர் மேல் நடக்கும்போது நாம் எவ்வளவு கவனமாக இருப்போம்? காரில் ஏசி போட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு போகும்போது அந்த நாலு மாடி நமக்குத் தெரிவதில்லை. தெரியவேண்டியது அதுதான்.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு இல்லை. 2022-ஆம் வருஷம் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884. அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் நமக்குத்தான், 64,105 விபத்துகள். நாடு முழுவதும் இறந்தவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அவர்கள் லைசென்ஸ் வாங்கியதில்லை, வேகமாக ஓட்டியதில்லை. காய்கறி வாங்கவோ பஸ் பிடிக்கவோ போனவர்கள்.

சரி, இப்போது தலைப்புக்குக் காரணம் என்ன என்று சொல்கிறேன்.

நம் ஊரில் குளக்கரைகளில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என்று பல இடங்களில் காலையில் கூட்டம் அலைமோதுகிறது. ரேஸ்கோர்ஸ் நடைபாதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படி ஒரு குளக்கரையில், எது என்று சொல்லவில்லை, நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர், எனக்கு ஏழெட்டு வருஷம் சீனியர், தினமும் நடப்பார். போன மார்கழியில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரம். நாலு நண்பர்கள் வரிசையாகக் கைகோத்த மாதிரிப் பேசிக்கொண்டு போயிருக்கிறார்கள். பின்னால் நம் கல்லூரி மாணவர் ஒருவர் சைக்கிளில் வந்திருக்கிறார். சைக்கிளில் விளக்கு இல்லை. காதில் இயர்போன். பெரியவர் பையிலிருந்த போன் அடித்ததும் அதை எடுத்துக்கொண்டு சட்டென்று வலது பக்கம் ஒதுங்கினார். அங்கேதான் சைக்கிள் வந்துகொண்டிருந்தது.

இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் ஆயிற்று, பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் படுக்கை. இப்போது வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். இன்றைய கூட்டத்துக்கு வர முடியவில்லை. நாற்பது வருஷமாக ஒரு ஒன்றுகூடலும் தவறவிடாதவர்.

அந்தப் பையன் ஓடிப்போய்விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவனேதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். பெரியவரின் மகன் வந்து சேரும்வரைக்கும் அங்கேயே நின்றான். அப்புறமும் வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிறான். பெரியவரே என்னிடம், "அவன் நல்ல பையன்ப்பா, அவனைத் திட்டாதீங்க" என்றார்.

ஆனால் நடக்கிற நண்பர்களுக்குக் கோபம் தணியவில்லை. நியாயமான கோபம்தான். "அந்தப் பாதையில் சைக்கிளே வரக்கூடாது" என்று ஒரு மனு தயார் செய்து கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் இந்த மண்டபத்தின் முன்வரிசையில் இருக்கிறீர்கள். அந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பல பேர் பின்வரிசையில் இருக்கிறீர்கள். இரண்டு பேரையும் ஒரே கூரையின் கீழே பிடிக்க எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

நான் ஒரு வாரம் காலையில் அந்தக் கரையில் போய் நின்று, யார் யார் சைக்கிளில் போகிறார்கள் என்று பார்த்தேன். மாணவர்கள் மட்டும் இல்லைங்க. பால்காரர் கேனைக் கட்டிக்கொண்டு போகிறார். பேப்பர் போடுகிற பையன் போகிறான். கரைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற பெண்கள் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் ஒரு அம்மாவிடம் நின்று கேட்டேன்: "ஏனுங்க, மெயின் ரோட்டுல போகலாமில்லீங்க?" அந்த அம்மா சொன்னார்: "அங்க பஸ்ஸு மேல வந்து முட்டற மாதிரி வருதுங்க. எம்பட புள்ள, 'அம்மா, கரை மேலயே போயிட்டு வா'ன்னு சொல்லி அனுப்பறா. இங்கயும் வேண்டாம்னு சொன்னா நாங்க எங்கீங்க போறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கையெழுத்துப் போட்ட நண்பர்களே, உங்களிடம் இருக்கிறதா? சைக்கிளைக் கரையிலிருந்து துரத்தினால் அது மறைந்துவிடாது. பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டுக்குப் போகும். நம் இடுப்பு எலும்பைக் காப்பாற்ற அந்த அம்மாவின் உயிரைப் பணயம் வைக்கிற மாதிரி ஆகிவிடும். நான் அந்த மனுவில் கையெழுத்துப் போடவில்லை, போடப்போவதும் இல்லை. ஆனால் அதோடு விட்டுவிட்டால் நான் பாதி வேலைதான் செய்தவன். சைக்கிள் அங்கே வரலாம் என்றால், வருகிறவர் எப்படி வரவேண்டும் என்றும் சொல்லவேண்டும் அல்லவா?

முதலில் மணியைப் பற்றி. நமக்கெல்லாம் மனுநீதிச் சோழன் கதை தெரியும். இளவரசன் ஓட்டிய தேர்ச்சக்கரத்தில் ஒரு கன்று அடிபட்டுச் செத்தது. பசு போய் ஆராய்ச்சி மணியை அடித்தது. மன்னன் மகனையே தேர்க்காலில் இட்டான். யோசித்துப் பாருங்கள், நம் ஊரில் சாலை விபத்து வழக்குக்கு இதைவிடப் பழைய கதை இருக்குமா? சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்த மன்னனுக்குச் சிலையே இருக்கிறது. எல்லோரும் மன்னனின் நீதியைப் பேசுவோம். நான் மணியைப் பார்க்கிறேன். அந்த மணி யார் கையில் இருந்தது? தேரில் வந்தவன் கையில் இல்லை. அடிபட்டவள் கைக்கு எட்டுகிற இடத்தில் தொங்கியது. பலம் இல்லாதவர் பலம் உள்ளவரிடம் "என்னைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்பதற்கு வைத்த மணி அது.

இன்றைக்குத் தலைகீழாக மாறிவிட்டது. லாரி ஏர்ஹாரன் காரைத் துரத்துகிறது. கார் ஹாரன் பைக்கைத் துரத்துகிறது. பைக் சைக்கிளைத் துரத்துகிறது. சைக்கிள் பெல் நடக்கிறவரைத் துரத்துகிறது. நடக்கிறவருக்கு அடிக்க ஒன்றும் இல்லை, அதனால் அவர் வாயால் திட்டுகிறார். ஹாரனும் பெல்லும் "நான் வருகிறேன், கவனியுங்கள்" என்று சொல்வதற்கு இருக்கின்றன. "நான் வந்துட்டேன், நீ ஓடு" என்று சொல்வதற்கு இல்லை. ஜப்பானில் அவசியம் இல்லாமல் சைக்கிள் மணி அடிப்பதே சட்டப்படி தவறு.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குச் சில வார்த்தைகள். அறிவுரை என்று நினைக்காதீர்கள், அண்ணன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெல்லைப் பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்திலேயே ஒருமுறை மெதுவாக அடியுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் வயதானவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் துள்ளுவார் என்று அவருக்கே தெரியாது. காது மந்தமானவராக இருக்கலாம். அதனால் மணி அடித்தாயிற்று, என் கடமை முடிந்தது என்று வேகத்தைக் கூட்டாதீர்கள். அவர் திரும்பிப் பார்த்த பிறகு தாண்டுங்கள். தாண்டும்போது "தேங்க்ஸுங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்குப் பெடல் மிதிக்கிற அளவு பலம்கூட வேண்டாம்.

நடைபாதையில் நடக்கிறவர் வேகத்தைவிட ரொம்ப அதிகமாகப் போகவேண்டாம். கூட்டமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். இறங்கித் தள்ளுகிறபோது நீங்களும் நடக்கிறவர்தான். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இருட்டில் முன்னால் ஒரு வெள்ளை விளக்கு, பின்னால் ஒரு சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ கட்டாயம் வேண்டும். விளக்கு உங்களுக்கு ரோடு தெரிவதற்கு மட்டும் இல்லை, நீங்கள் மற்றவர் கண்ணுக்குத் தெரிவதற்கு. காதில் எதையும் மாட்டாதீர்கள். சைக்கிளுக்குக் கண்ணாடி கிடையாது, பின்னால் வருவதைச் சொல்ல உங்கள் காதுதான் இருக்கிறது.

ரோட்டில் இடது ஓரமாகப் போங்கள். எதிர்த்திசையில் வரவேண்டாம். "சைக்கிள்தானே சார், லைசென்ஸா கேக்கறாங்க" என்பீர்கள். லைசென்ஸ் கேட்கமாட்டார்கள். ஆனால் எதிரே வருகிற கார் டிரைவர் அந்தப் பக்கம் யாரும் வருவார்கள் என்று எதிர்பார்க்கவே மாட்டார். திரும்புவதற்கு முன் தோளுக்கு மேல் ஒரு தடவை பின்னால் பார்த்து, கையை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்புங்கள். நாலு பேர் சேர்ந்து போனால் பேச்சு சுவாரசியமாகத்தான் இருக்கும், ஆனால் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பேச்சை டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது முன்வரிசைக்கு வருகிறேன். சீனியர்களே, கோபித்துக்கொள்ளக்கூடாது.

நடக்கிறோம் என்பதால் பாதை முழுவதும் நமக்குப் பட்டா ஆகிவிடாது. இரண்டு பேருக்கு மேல் வரிசையாக நடக்கவேண்டாம். போன் வந்தால் முதலில் ஓரம் ஒதுங்கி நின்று, பின்னால் பார்த்துவிட்டுப் பேசலாம். நாய் கூட்டிக்கொண்டு வருகிற நண்பர்கள் கயிற்றைக் கையில் குட்டையாகப் பிடியுங்கள். நாய் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம், நடுவே கயிறு என்றால் சைக்கிள்காரனுக்கு அது தூண்டில். நடைபாதை இல்லாத ரோட்டில் நடக்கும்போது வலது ஓரமாக, எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி நடக்கவேண்டும். நமக்கு ஆரம்பப் பள்ளியிலேயே சொன்ன பாடம்தான். சைக்கிளில் வருகிற பிள்ளை ஒதுங்கிப் போனால் நாமும் கையைத் தூக்கி ஒரு நன்றி சொல்லலாம். "இந்தக் காலத்துப் பசங்க" என்று முணுமுணுப்பதைவிட அது சீக்கிரம் பலன் தரும்.

ஆனால் நண்பர்களே, காலை எட்டு மணிக்கு நடைபயிற்சி முடிந்ததும் நம்மில் பல பேர் காரில் ஏறுகிறோம். அதுவரை சைக்கிளைப் பார்த்துப் பயந்தவர், இப்போது சைக்கிள்காரன் பயப்படவேண்டிய ஆள் ஆகிவிடுகிறார். ஆள் அதே ஆள்தான். அதனால் காருக்கும் சில வார்த்தைகள்.

இங்கிலாந்தில் 2022 ஜனவரியில் சாலை விதிகளைத் திருத்தினார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. யார் வண்டி மற்றவருக்கு அதிகம் தீங்கு செய்யக்கூடுமோ அவருக்குப் பொறுப்பு அதிகம் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். லாரிக்கு மிக அதிகம், பிறகு கார், பிறகு பைக், பிறகு சைக்கிள், கடைசியில் நடக்கிறவர். நடக்கிறவருக்கும் பொறுப்பு உண்டு, ஆனால் அளவு வேறு. சைக்கிளை முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறார்கள், வேகம் கூடினால் இடைவெளியும் கூடவேண்டும். நம் ரோட்டில் ஒன்றரை மீட்டரா என்று சிரிக்கிறீர்கள். இடம் இல்லை என்றால் வழி ஒன்றுதான்: இடம் வரும்வரை பின்னாலேயே பொறுமையாகப் போவது. ரோட்டோரத்துக் குழி, மணல், சாக்கடை மூடி எல்லாம் சைக்கிள்காரனுக்குத்தான் வரும். அவன் சட்டென்று வலது பக்கம் வளைந்தால் அது திமிர் இல்லை, குழி. ரோடு போட்டவன் சொல்கிறேன், நம்புங்கள்.

சைக்கிளை முந்திக்கொண்டு போய் உடனே இடது பக்கம் திரும்பாதீர்கள். பத்து விநாடி பொறுத்தால் அவன் தாண்டிவிடுவான். இரவில் எதிரே சைக்கிள் வந்தாலும் விளக்கைத் தாழ்த்துங்கள். காருக்குக் காட்டுகிற மரியாதையைச் சைக்கிளுக்குக் காட்டாத டிரைவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஹைபீமில் கண் கூசி வாய்க்காலில் விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கார்க் கதவுக்கு ஒரு சின்ன வித்தை. டிரைவர் சீட்டில் இருப்பவர் வலது கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே இப்போது செய்து பாருங்கள். இடது கை வலது பக்கம் போகும்போது உடம்பு தானாகத் திரும்பும், கண் தானாகப் பின்னால் போகும். வருகிற சைக்கிள் தெரியும். பின் சீட்டில் இருக்கிற பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், எந்தப் பக்கக் கதவோ அதற்கு எதிர்க்கை. இதற்குக் காசு செலவு இல்லை. ஒரு வாரத்தில் பழகிவிடும்.

மாணவிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டர். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். விவசாயக் கூலிப் பெண்கள், கல் உடைக்கும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரமாயிரம் பேர் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்தில் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் வைத்து, பிள்ளையை முன்னால் வைத்து, யாரையும் எதிர்பார்க்காமல் போகலாம் என்று ஆனது. ஆனால் முதலில் அவர்கள் வாங்கிக்கட்டிக்கொண்ட கேலி கொஞ்சம் இல்லை. அதைத் தாண்டித்தான் ஓட்டினார்கள்.

2001-ல் அரசு பள்ளி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு மாணவர்களுக்கும் விரிவாக்கியது. இப்போது சைக்கிள் ஓட்டத் தெரியாத பெண்பிள்ளை நம் கிராமங்களில் அபூர்வம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்போடு பல பேர் சைக்கிளை நிறுத்திவிடுகிறார்கள். ஏன் என்று நம் மாணவிகள் சிலரிடம் கேட்டேன். ஒரு பெண் சொன்னது: "தூரம் பிரச்சினை இல்லீங்க சார். பைக்குல பக்கத்துலயே வந்து, வேகத்தைக் குறைச்சு, ஏதாச்சும் சொல்லிட்டுப் போவாங்க. பயத்துல ஹேண்டில்பார் ஆடிரும்." அந்த ஹேண்டில்பார் ஆடுகிற நேரத்தில் பின்னால் ஒரு லாரி வந்தால் என்ன ஆகும்? விளையாட்டு என்று செய்கிறவனுக்கு அது தெரிவதில்லை. 1998-ல் தமிழ்நாடு அரசு பெண்களைச் சீண்டுவதைத் தடுக்கத் தனிச்சட்டமே கொண்டுவந்தது. தம்பிகளே, சட்டத்துக்குப் பயந்து இல்லை, உங்கள் நண்பன் அப்படிச் செய்யும்போது பின்சீட்டில் இருக்கிற நீங்கள் அவன் தோளைத் தட்டி "விடுடா, நேராப் போ" என்று சொல்லுங்கள். அது போதும்.

மரியாதை மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. 1971-ல் ஹாலந்து நாட்டில் ஏறத்தாழ 3,300 பேர் சாலையில் செத்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். எண்ணெய் நெருக்கடியும் 1973-ல் வந்தது. அதன்பிறகு வருஷம் வருஷமாக, சைக்கிளுக்குத் தனிப்பாதை, குடியிருப்புத் தெருக்களில் வேகக் குறைப்பு என்று கட்டிக் கட்டித்தான் இன்றைய நிலைக்கு வந்தார்கள். நல்ல பாதை இருந்தால் நல்லவனாக இருப்பது சுலபம். குறுகலான பாதையில் எல்லோரையும் தள்ளிவிட்டு "மரியாதையா இருங்க" என்று சொல்வது அரைகுறை வேலை. ஆனால் பாதை வருகிறவரைக்கும் நாம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு இருக்கவும் முடியாது. இரண்டும் சேர்ந்து நடக்கவேண்டும். நம் நாட்டில் 2017-ல் வந்த வாகன ஓட்டுதல் விதிகள் நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் மோட்டார் வண்டி ஓட்டக்கூடாது என்கின்றன. விதி இருக்கிறது. அந்தப் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிற நாம்தான் அதைப் படிக்கவில்லை.

ஒருவேளை விபத்து நடந்துவிட்டால், அந்தப் பையன் செய்ததைச் செய்யுங்கள். நிற்கவேண்டும். 108-க்குப் போன் பண்ணவேண்டும். "நமக்கு எதுக்கு வம்பு" என்று நடந்துபோகவேண்டாம். உதவி செய்கிறவரைப் போலீஸ் விசாரணை என்று அலைக்கழிக்கக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 134-ஏ என்ற பிரிவையே சேர்த்திருக்கிறார்கள். பெயர் சொல்லவேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை செலவை அரசு ஏற்கிறது. இதை நாலு பேரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, வேண்டுகோள். வள்ளுவர் பண்புடைமை என்று ஓர் அதிகாரமே எழுதினார், நூறாவது அதிகாரம். பரீட்சைக்குப் படித்தோம். இப்போது கொஞ்சம் ரோட்டிலும் படிக்கலாம்.

மண்டபத்து வாசலில் ஒரு மேசை போட்டு, வேறு ஒரு மனுவை வைத்திருக்கிறேன். அதில் சைக்கிளைத் தடை செய்யச் சொல்லவில்லை. கரையின் அகலமான பகுதியில் நடப்பதற்கும் சைக்கிளுக்கும் நடுவே ஒரு கோடு போடவேண்டும், குறுகலான பகுதியில் சைக்கிளை இறங்கித் தள்ளவேண்டும் என்று ஒரு பலகை வைக்கவேண்டும், விடியுமுன் வெளிச்சம் வேண்டும், இந்த மூன்றுதான் கேட்டிருக்கிறேன். பழைய மனுவில் கையெழுத்துப் போட்ட நண்பர்கள் இதைப் படித்துப் பார்த்து, மனம் இருந்தால் போடுங்கள். வாக்கரில் நடக்கிற அந்தப் பெரியவர்தான் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டாவது கையெழுத்து அந்தப் பையனுடையது.

இன்னொன்று. நம் கல்லூரிக்குச் சைக்கிளில் வரும் மாணவ மாணவியர் எல்லோருக்கும் ஒரு பெல், முன்விளக்கு, பின்பக்கச் சிவப்பு விளக்கு வாங்கித்தர எங்கள் 1974–77 அணி முடிவு செய்திருக்கிறது. மற்ற அணிகளும் சேர்ந்தால் வருஷா வருஷம் செய்யலாம். தலைவர் அவர்கள் இதைச் செயற்குழுவில் வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்றைக்கு இந்தக் கல்லூரி மைதானம் முழுவதும் நம் கார்கள். கூட்டம் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டுக்குப் போவோம். அதே நேரத்தில் பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர்களை முதலில் போகவிடுங்கள். ஹாரன் அடிக்கவேண்டாம். ஒரு ரெண்டு நிமிஷம் தாமதமாகும், அவ்வளவுதான்.